நகல் இணைக்கப்படாத கச்சேரி

ஒரு மன்றம் தன் சொந்தக் கட்டடத்துக்குள், தன் உறுப்பினர்களும் அவர்கள் அழைத்து வரும் விருந்தினரும் மட்டும் கலந்துகொள்ளும்படி நடத்தும் நிகழ்ச்சிக்கு முன் அனுமதி தேவையில்லை. விதி இவ்வளவுதான். அரசு வேலையில் இருந்த காலமெல்லாம் இத்தனை தெளிவாக எழுதப்பட்ட விதியை நான் அதிகம் பார்த்ததில்லை. இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதே விதியைக் காட்டி மற்றவர்களின் விண்ணப்பங்களை ‘தேவையற்றது’ என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். அப்படியிருந்தும் அந்த ஆண்டு தை மாதத்தில் நான் விண்ணப்பித்தேன். மூன்று பிரதியில்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். வீடு ராஜபாளையத்தில். காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. ராஜபாளையத்தில் டாக்டர்கள், வக்கீல்கள், மில் அதிகாரிகள் சேர்ந்து நடத்திய மனமகிழ் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வது அதிகப்படி. கூட்டக் குறிப்பு எழுத வேறு யாரும் முன்வரவில்லை.

ஜாஸ் இசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் பம்பாயில் இருந்த என் மச்சினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கடற்படை அலுவலகத்தில் எழுத்தர். துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலுக்கு ஒரு மாலை என்னைக் கூட்டிப்போனார். ஓர் ஓரத்தில் ஐந்து பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கோவாக்காரர்கள் என்றார் மச்சினர். டிரம்பெட் வாசித்த பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். கோட்டின் முழங்கையில் ஒட்டுத் தையல். சாப்பிட வந்தவர்களில் ஒருவரும் அவர் வாசிப்பைக் கேட்கவில்லை. கட்லெட் தட்டுடன் பணியாள் அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தான். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பின்னால் திரும்பி டிரம்ஸ்காரரைப் பார்த்தே வாசித்தார். ஒரு சிறு துண்டை ஊதுவார். டிரம்ஸ்காரர் அதைக் கொஞ்சம் கோணலாக்கித் திருப்பித் தருவார். இவர் அந்தக் கோணலையே பிடித்துக்கொண்டு இன்னும் தூரம் போவார். இப்படி ஒரு மணி நேரம். ஒரு தாள் கூட அவர்கள் முன்னால் இல்லை.

தாள் இல்லாமல் எதுவும் நகராத இடத்தில் வேலை பார்த்தவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. திரும்பி வந்த பிறகு கிடைத்த ஒலிநாடாக்களை எல்லாம் வாங்கிக் கேட்டேன். ஒன்றும் சரிப்படவில்லை. ஒலிநாடாவில் அது ஏற்கெனவே முடிவெடுக்கப்பட்டுவிட்ட கோப்பு. எத்தனை முறை போட்டாலும் அதே இடத்தில் அதே மாதிரி திரும்பும். எனக்கு வேண்டியிருந்தது முடிவெடுக்கும் நேரம்.

அதற்குப் பிறகு மதராஸில் ஒரு திறந்தவெளி அரங்கில் ஜாஸ் விழா நடப்பதாகப் பத்திரிகையில் பார்த்து, தற்செயல் விடுப்பு எடுத்து, தலைமையிடத்தை விட்டு வெளியே செல்ல முறைப்படி அனுமதியும் பெற்று, போனேன். மூன்று நாள். பல நாட்டுக் குழுக்கள். சில குழுக்கள் சத்தம் போட்டன, சில தூங்கவைத்தன. இரண்டாம் நாள் மாலை வந்த நால்வர் குழு ஒன்று மட்டும் என்னை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தது. சாக்ஸபோன் வாசித்தவர் உயரமான கறுப்பினத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். கிடார் ஓர் இளைஞர். டிரம்ஸ் ஒரு குள்ளமான மனிதர். ஆள் உயர பேஸ் வயலினை நிறுத்திவைத்து மீட்டியவர் ஒரு பெண்மணி. வாசிக்காத நேரத்தில் சாக்ஸபோன்காரர் மேடை ஓரத்துக்குப் போய், தன் குழு வாசிப்பதைச் சீட்டு வாங்கி வந்த ரசிகரைப் போலக் கேட்டார். நல்ல இடம் வந்தபோது தொடையில் தட்டிக்கொண்டார்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவரிடம் பேசினேன். என் ஆங்கிலம் அலுவலகக் கடித ஆங்கிலம். “தங்கள் நிகழ்ச்சி திருப்திகரமாக இருந்தது” என்றுதான் சொல்ல வந்தது. அவர் சிரிக்காமல் நன்றி சொன்னார். அடுத்த மாதம் மதுரையில் வாசித்துவிட்டு வேனில் திருவனந்தபுரம் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. அந்தச் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது என்றேன். அங்கே ஒரு மன்றம் இருக்கிறது, ஒரு கூடம் இருக்கிறது, ஒரு மாலை இறங்கி வாசிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பேஸ் வாசித்த பெண்மணியைப் பார்த்தார். பெண்மணி தோளைக் குலுக்கினார். “நீங்கள் கேட்பீர்களா?” என்றார் சாக்ஸபோன்காரர். கேட்போம் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்குதான் என் கழுத்தில் இருந்தது. நான்கு பேர் நாலாயிரம் மைல் தாண்டி வந்து எங்கள் ஊரில் இறங்கி, கூடம் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனால், பிறகு நான் எந்த இசையையும் தலைநிமிர்ந்து கேட்க முடியாது. வருகிறவர்கள் வெளிநாட்டார், செயலாளரோ அரசு ஊழியன், நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. இந்தக் கவலையில்தான் தேவையில்லாத அனுமதியைக் கேட்டேன்.

மன்றத் தலைவர் ஒரு டாக்டர். தெலுங்கு பேசும் குடும்பம். விண்ணப்பத்தின் நகலைப் பார்த்துவிட்டு என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஏமய்யா செயலாளரே, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக் கலெக்டர்ட்ட கேட்டுட்டா தாலி கட்டுனோம்?”

“முறைன்னு ஒண்ணு இருக்குல்லா, டாக்டர்.”

“இருக்கட்டும். அதை நீரு ஏன் தட்டி எழுப்புறீரு?”

மாவட்ட அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்த்த உதவியாளர் கூமாப்பட்டிக்காரர். மற்ற நாட்களில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருவதால் திங்கட்கிழமைகளில் மட்டும் சரியான நேரத்துக்கு வருவார் என்று கேள்விப்பட்டு, நானும் திங்கட்கிழமைகளில் போனேன். என் விண்ணப்பத்தை மரியாதையாகப் புரட்டினார்.

“எல்லாம் சுத்தமா இருக்கு சார். பாட்டு வரி மூணு செட் மட்டும் காணும்.”

“பாட்டே கிடையாதுய்யா. வெறும் வாசிப்புத்தான்.”

“அப்ப வாசிக்கதோட நகல் வைங்க.”

“அவிய மேடையில நின்னு அந்தந்த நேரம் யோசிச்சு வாசிக்கவிய. என்ன வாசிப்பாவன்னு அவியளுக்கே முன்கூட்டித் தெரியாது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “தெரியாததுக்கு எப்படி சார் அனுமதி குடுக்க?”

அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதையே கேட்டிருப்பேன். ஆனாலும் விடவில்லை.

“கோயில் புறப்பாட்டுல நாயனக்காரர் நாலு வீதிக்கும் ராகம் வாசிச்சிட்டு வாராரு. அவருட்ட நகல் கேட்டியளா?”

“அவரு விண்ணப்பம் போடலையே சார்” என்றார், மிகவும் வருத்தமாக.

அடுத்த திங்கட்கிழமை, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். அதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம் வேண்டும். அது வந்தால், முதல் விண்ணப்பத்தை எதற்காகப் போட்டேன் என்று என்னிடம் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் வந்த பிறகு இரண்டையும் சேர்த்து மேலே அனுப்ப வேண்டும். “அம்புட்டுக்கும் ஒரு ஆறு மாசம் ஆகும் சார். பேசாம நகலைக் குடுத்துருங்க.”

குழுவின் பயண ஏற்பாட்டாளருக்குத் தந்தி அடித்தேன். உருப்படிகளின் பட்டியல் உடனே தேவை. பதில் தந்தி வந்தது: முதலில் மிதமான வேகத்தில் ஒன்று, மீதி அங்கே வந்த பிறகு. இதைத் தமிழாக்கி, ‘உண்மை நகல்’ என்று கையொப்பமிட்டு இணைத்தேன். பத்து நாளில் ஒரு குறிப்பாணை வந்தது. ‘மீதி’ என்பதன் விவரம் தேவை.

மாசி மாதத்தில் குறித்திருந்த சனிக்கிழமை வந்தது. அனுமதி வரவில்லை, மறுப்பும் வரவில்லை. மூன்று மணிக்கு வேன் வந்தது. பேஸ் வயலினை நான்கு பேர் பிடித்து இறக்கியபோது தெருவே வந்து பார்த்தது. அதைத் தனியாக வாசிக்கப்போவது ஒரு பெண் என்று தெரிந்ததும், அதுவரை வருவதாக இல்லாத மன்ற உறுப்பினர்களின் மனைவிமார்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். இறகுப்பந்து ஆடும் கூடத்தில் வலையைக் கழற்றி, ஜமுக்காளம் விரித்து, மேடை போட்டிருந்தோம். மேற்கே மலை வெளிறிக்கொண்டிருந்தது. சாக்ஸபோன்காரர் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி எதிரொலியைக் கேட்டார். தலையாட்டினார்.

ஐந்தரை மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினார்.

“சார், நீங்க ரூல் தெரிஞ்சவிய. விண்ணப்பம் நிலுவையில கிடக்கு. முடிவு வராம நடத்தப்படாது.”

“இதுக்கு அனுமதியே வேண்டாம்யா. மன்றத்துக்குள்ள, உறுப்பினருக்கு மட்டும்.”

“வேண்டாம்னா ஏன் சார் கேட்டிய?”

பின்னால் நின்ற டாக்டர், “அதத்தான் ஒரு மாசமா நானும் கேக்கேன்” என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் தன் கையில் இருந்த தாளைக் காட்டினார். ‘நகல் வரப்பெறவில்லை; கண்காணித்து அறிக்கை தருக.’ அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. தடை என்று எழுதியிருக்கவில்லை.

“உங்களுக்கு நகல்தான வேணும்?”

“நகல் இருந்தா ‘கண்டேன்’னு எழுதிட்டு ஒரு ஓரமா உக்காந்துக்கிடுவேன் சார். எனக்கென்ன, அவிய மேல வருத்தமா?”

“தாரேன். அவிய வாசிக்க வாசிக்க எழுதித் தாரேன். மூணு பிரதி. பக்கத்துக்குப் பக்கம் நீங்க கையெழுத்துப் போடுங்க.”

அவர் மீசையைத் தடவினார். “அவிய வாசிக்கது முழுக்க எழுதணும், பாத்துக்கிடுங்க. நீங்க எழுதாத இடம் நகல்ல இல்லாத இடம். அங்க நான் நிறுத்தியாகணும்.”

“நான் பேனாவை நிறுத்துனா நீங்க கச்சேரியை நிறுத்துங்க” என்றேன்.

இப்படியாக, ஆண்டுக்கணக்கில் ஆசைப்பட்ட இசையை என் சொந்த ஊரில், முதல் வரிசையில், இரண்டு கார்பன் தாள்களை நடுவில் வைத்துக் குனிந்து எழுதிக்கொண்டே கேட்டேன். அழுத்தி எழுதினால்தான் மூன்றாவது பிரதியில் விழும். பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர், முழங்காலில் தொப்பி.

அந்தக் குறிப்பின் முதல் பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது. சில வரிகள்:

‘மணி 6.05. மிதமான வேகம். தந்தியில் கண்டபடி. 6.09. சாக்ஸபோன் கண்ணை மூடிக்கொள்கிறது. மெட்டைவிட்டு விலகுகிறது. திரும்பி வரும் என்று பேஸ் காத்திருக்கிறது. 6.12. வந்துவிட்டது. 6.20. கிடார் தயங்குகிறது. டிரம்ஸ் இரண்டு தட்டுத் தட்டித் தைரியம் சொல்கிறது. கிடார் தொடங்குகிறது. 6.24. அவையில் வக்கீல் ஒருவர் தாளம் போட்டுத் தோற்றுப்போய்க் கையை மடியில் வைத்துக்கொள்கிறார். 6.31. டிரம்ஸ்காரர் குச்சிகளை வைத்துவிட்டுக் கம்பித் துடைப்பம் போன்ற ஒன்றை எடுக்கிறார். அரிசி புடைக்கும் சத்தம். 6.40. பேஸ் தனியே. பெண்கள் பகுதியில் பேச்சு நின்றுவிட்டது.’

எழுத வேண்டிய கட்டாயம் இல்லாமலிருந்தால் இதில் பாதியை நான் கவனித்திருக்க மாட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் முடிப்பது அடுத்தவருக்கு எப்படித் தெரிகிறது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு உருப்படி ஆயிற்று. சில சமயம் ஒரு தலையசைப்பு. சில சமயம் மூச்சு. சில சமயம் அதுவும் கிடையாது. முடிப்பவர் கடைசித் துண்டை முடிக்காமல் மேசை விளிம்பில் வைப்பதுபோல வைக்கிறார், அடுத்தவர் கீழே விழுமுன் எடுத்துக்கொள்கிறார். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு பக்கத்து மேசைக்குப் போக மூன்று நாளும் ஒரு பதிவேடும் வேண்டும்.

நான்காவது உருப்படி மிக மெதுவானது. சாக்ஸபோன் ஏறக்குறைய பேச்சுக் குரலில் போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு நாற்காலி கூட அசையவில்லை. அப்போது ஏழு மணி. பக்கத்து மில்லில் சாப்பாட்டு இடைவேளைச் சங்கு ஊதியது.

அந்தச் சங்கை நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்கிறோம், அதனால் கேட்பதே இல்லை. அன்றைக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். மில் அதிகாரிகள் தாங்களே ஊதியதுபோலக் கூசிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற மூவரும் நிறுத்திவிட்டார்கள். சாக்ஸபோன்காரர் மட்டும் கருவியை வாயிலிருந்து எடுக்காமல், தலையைச் சாய்த்துச் சங்கைக் கேட்டார். பிறகு அதே சுருதியில், அதன் அடியில், மெல்ல ஒரு நீண்ட ஒலியை வைத்தார். சங்கு இறங்கியபோது அதனுடன் சேர்ந்து வழுக்கிக்கொண்டே இறங்கினார். அது அடங்கிய இடத்தில் இவர் அடங்கவில்லை. அங்கிருந்து தொடங்கி, எங்கேயோ விட்ட பழைய மெட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு போனார். பேஸ் சேர்ந்தது. கிடார் சேர்ந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பேனா எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

முழங்கையில் ஓர் இடி. சப்-இன்ஸ்பெக்டர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, “எழுதுங்க சார்” என்றார். “நிப்பாட்டிராதிய. சங்கையும் சேத்து எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுதேன்.”

எழுதினேன். ‘7.00. மில் சங்கு. சாக்ஸபோன் அதை ஏற்றுக்கொள்கிறது.’

எட்டே காலுக்கு முடிந்தது. பதினேழு பக்கம். கைதட்டல் ஓய்ந்த பிறகு சாக்ஸபோன்காரர் என்னிடம் வந்து, மாலை முழுவதும் அப்படி என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். நிலைமையை விளக்கினேன். அவர் பேஸ் பெண்மணியை அழைத்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, எழுதியதைப் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் சொல்லும்படி என்னிடம் கேட்டார். ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டாம் உருப்படியை நான் ‘நிறைவு’ என்று எழுதியிருந்தேன். நிறைவு இல்லை, டிரம்ஸ்காரரின் மிதிகட்டை கழன்றுவிட்டது, அதனால் பாதியில் வெட்டினேன், அதை எழுதுங்கள் என்றார். திருத்தினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் அவர் சுருக்கொப்பம் இட்டார். சப்-இன்ஸ்பெக்டரும் இட்டார். அரசு வேலையில் இவ்வளவு ஒழுங்காகத் திருத்தப்பட்ட வேறோர் ஆவணம் என் கைவழியாகப் போனதில்லை.

மறுநாள் காலை வேன் செங்கோட்டைச் சாலையில் போயிற்று. திங்கட்கிழமை மற்ற இரண்டு பிரதிகளையும் கூமாப்பட்டிக்காரரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். மூன்றாம் பக்கத்தில், “பொறவு அந்த கிடார்க்காரர் என்ன சார் ஆனாரு?” என்று கேட்டார்.

“ஆறாம் பக்கம் பாருங்க.”

“கச்சேரிதான் முடிஞ்சிட்டே. கோப்பை மூடிரவா சார்?”

“மூடப்படாது. நான் கேட்டதுக்கு எழுத்து மூலமாப் பதில் வரணும்” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கே காரணம் சரியாகத் தெரியவில்லை. தேவையில்லாத கேள்வியைக் கேட்டவன் நான். ஆனால் கேட்டது கேட்டதுதான். அந்தப் பதினேழு பக்கமும் யாரும் படித்து ஆம் என்றோ இல்லை என்றோ கையெழுத்திடாமல் கட்டுக்குள் போய் மட்குவதற்கு நான் விடுவதாக இல்லை. மாதம் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். உதவியாளர் மாறினார். அதிகாரி மாறினார். சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். போகும் முன் மன்றத்துக்கு வந்து, பதில் வந்தால் ஒரு கார்டு போடச் சொல்லி முகவரி கொடுத்துவிட்டுப் போனார். நினைவூட்டுகள் பதினாறு ஆயின.

கடைசியில் வந்த பதில் ஒரே பத்தி. இணைப்பில் உள்ள நகலில் கண்டபடி, கூடுதலோ குறைவோ இன்றி, மேற்படி நிகழ்ச்சியை நடத்த அனுமதி வழங்கப்படுகிறது. ஏழு மணிக்கான சங்குக்கு மில் நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தனியே பெறப்பட வேண்டும்.

டாக்டர் இரண்டு முறை படித்தார். “இப்ப என்ன செய்யப்போறீரு?”

“சம்மதக் கடிதம் வாங்கணும்” என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு அன்றே கார்டு போட்டேன். அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு வரி, கீழே பதில் கிடைத்த தேதி: ஆடி பதினெட்டு, வெள்ளிக்கிழமை.